சங்கம் வளர்த்த நம் முன்னோர்

கார்த்திகைத் திங்களில் நம் ஊர் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தை அறியாதார் தமிழகத்தில் இலர். ஏற்றும் நாளன்று இலட்சக்கணக்கானோர் நம் வீதிகளில் கூடுகின்றனர். மறுநாட் காலையில் பேருந்து நிலையமும் புகைவண்டி நிலையமும் அவர்களை வழியனுப்பி விடுகின்றன. ஆயினும் தீபம் 11 நாள்கள் காட்சி தருகின்றது. எங்ஙனம்? மாலைதோறும் சிலர் மலையேறிச் சென்று, கொப்பரையில் நெய் வார்த்து மீண்டும் ஏற்றுவதனால்தான். முதல் நாளின் ஆரவாரத்தைக் கண்ட கண்கள் பல. எஞ்சிய நாள்களில் மலையேறிய கால்களைக் கண்டவர் சிலரே.

ஒரு சமுதாயத்தின் சங்கமும் இத்தன்மையதே. கூட்டத்தைக் கூட்டுதல் ஒரு கலை. கூடியோரைக் கலையாது காத்தல் வேறொரு கலை. முன்னதற்கு ஒரு கொடுமையோ ஒரு விழாவோ போதும். பின்னதற்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு பணி இருத்தல் வேண்டும். நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இவ்விரு கலைகளையும் நம் முன்னோர் எவ்வாறு பயின்றனர், எங்கு வென்றனர், எங்கு தளர்ந்தனர் என்பதை நம் இளைஞர்க்கு எடுத்துரைத்தல் பொருத்தமெனக் கருதுகின்றோம். புகழுரை கூறி முடித்தல் எளிது. ஆனால் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அதனினும் பெரிய கடமை ஒன்று உண்டு. வந்த வழியைக் காட்டுவதோடு, வழியில் இருந்த பள்ளங்களையும் காட்டுதலே அக்கடமை.

முதற் சபைகள்

நம் மக்கள் பிறர் வந்து எழுப்பும்வரை உறங்கிக் கிடந்தனர் என்று எண்ணுவார் இன்றும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இந்தியத் தேசியக் காங்கிரசு 1885-இல் தோன்றியது. அது தோன்றி ஆறாண்டுகளே ஆகியிருந்தபோது, நம்மவர் தமக்கெனச் சபைகளை அமைத்து மாநாடு கூட்டத் தொடங்கிவிட்டனர். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பிள்ளைகளுக்குப் பள்ளிகள், படித்துத் தேறியவர்க்கு அரசுப் பணி, பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை, சிறைச்சாலையில் நம்மவர்க்கென்று இழிதொழில் விதித்த விதியை நீக்குதல் முதலிய பத்துக் கோரிக்கைகள் அம்மாநாட்டில் வகுக்கப்பெற்றன. அதே ஆண்டிலேயே சென்னையில் இரட்டைமலை சீனிவாசனார் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபையின் மாநாடு விக்டோரியா நகர மண்டபத்தில் நடந்தபோது, நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அதில் கலந்துகொண்டார். எல்லார்க்கும் பொதுவெனப்படும் கடவுளின் கோயிலில் எங்கள் மக்கள் நுழைய ஏன் தடை என்று அவர் அவையில் எழுந்து கேட்டார். எதிர்ப்புக் குரல்களே விடையாக எழுந்தன. உங்களுக்கெனச் சிறு தெய்வங்கள் உள்ளனவே என்றும் கூறினர். பண்டிதர் அவையைவிட்டு வெளியேறவில்லை. அடுத்த கோரிக்கைகளை முன்வைத்தார். நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரையேனும் கட்டணமின்றிப் படிக்கப் பள்ளிகள் வேண்டும், பயிரிடப்படாது கிடக்கும் நிலங்களை நம் ஏழைகட்கு வழங்க வேண்டும் என்றார். அவற்றை அவையோரால் மறுக்க இயலவில்லை, தீர்மானமாயின.

இந்நிகழ்ச்சியை நாம் வகுப்பறையில் பலமுறை கூறியதுண்டு. பெரிய உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அது மறுக்கப்பட்டதென்று வெறுங்கையுடன் திரும்பவும் இல்லை. கோயிற் கதவு மூடப்பட்ட அவையிலேயே பள்ளிக் கதவைத் திறக்கச் செய்தார். சங்கம் நடத்துவோர் முதலில் அறிய வேண்டிய நுட்பம் இதுவாகும். தொலைவிலுள்ள இலக்கு ஒன்று இருத்தல் வேண்டும்; நடக்கும் மக்கள் இளைப்பாறுவதற்கு அண்மையில் அடையத்தக்க இலக்கு ஒன்றும் இருத்தல் வேண்டும். பின்னதில்லாத சங்கம் மக்களைக் களைப்படையச் செய்யும். முன்னதில்லாத சங்கம் சில்லறைச் சலுகைகளோடு நின்றுவிடும்.

நூற்றுப் பன்னிரண்டு அடி நீள மனு

1893-ஆம் ஆண்டு அக்டோபரில் சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாக வழங்கிய பெயரையே இதழின் நெற்றியில் சூட்டியது அக்காலத்தில் பலரைத் திடுக்கிட வைத்தது. தான் யார் என்பதை மறைத்து வாழ்பவன் தன் உரிமையைக் கேட்டுப் பெற இயலாது என்பது அவர் கருத்து. நான்கு பக்கமுள்ள மாத இதழாகத் தொடங்கிய அது, மூன்று திங்களில் வார இதழாக வளர்ந்தது.

அதே ஆண்டில் ஒரு பெரும் வினா எழுந்தது. இலண்டனில் மட்டும் நடந்துவந்த இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசு கோரிவந்தது. அவ்வாறு நடத்தினால், கல்வியில் நெடுங்காலம் முந்தியிருந்த சாதியினரே பதவிகள் அனைத்தையும் கைக்கொள்வர், அவர்கட்குக் கீழ் நம் மக்கள் மேலும் அல்லலுறுவர் என்று சீனிவாசனாரும் அவர் சபையினரும் அஞ்சினர். டிசம்பர்த் திங்களில் சென்னையில் கூட்டம் கூட்டி, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு மனு ஒன்றை ஆயத்தம் செய்தனர். அம்மனுவின் நீளம் 112 அடி. அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர்.

அக்கோரிக்கையின் நன்மை தீமை குறித்து இன்று இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஈண்டு நாம் காண விழைவது அதன் முறையை. தொலைபேசி இல்லாத காலம்; நம் சேரிகளில் எழுத்தறிந்தோரை விரல் விட்டு எண்ணலாம். அந்நாளில் 3,412 கையொப்பங்கள் தாமாக வந்து சேர்ந்திருக்குமா? யாரோ ஒருவர் தெருத் தெருவாக நடந்திருக்க வேண்டும். திண்ணையில் அமர்ந்து, மனு என்ன கூறுகின்றது, எங்கே செல்கின்றது என்று விளக்கியிருக்க வேண்டும். அஞ்சியவர்க்குத் துணிவு கூறியிருக்க வேண்டும். அதன்பின் தன் பெயரை ஒருவர் பதித்தபோது, அவர் அதுவரை வேடிக்கை பார்த்தவராயிருப்பினும் அக்கணமே அச்செயலின் பங்காளியானார். மனு பாராளுமன்றத்தில் என்ன ஆயிற்று என்று அறியும் ஆவல் அவர்க்குப் பிறந்தது. கையொப்பம் என்பது மையால் இட்ட கோடு மட்டுமன்று. அது ஒரு பிணைப்பு.

இனிப் பள்ளத்தையும் காட்டுதல் வேண்டும். 1900-ஆம் ஆண்டில் சீனிவாசனார் கடல் கடந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் பணியாற்றி, 1921-இல்தான் தாயகம் திரும்பினார். அவர் புறப்பட்டபோது ஏழாண்டுகள் நடந்த 'பறையன்' இதழ் நின்றுபோயிற்று. சபையின் குரலை வாரந்தோறும் ஊர்தோறும் கொண்டு சேர்த்த கருவி மறைந்தது. இதனை அப்பெரியாரின் குறையாக நாம் கூறவில்லை. தனியொருவராக அவர் சுமந்த பாரத்தை எண்ணினால் கைகூப்பத் தோன்றுகின்றது. ஆனால் விளக்கை வாங்கிக்கொள்ள இரண்டாவது கை ஆயத்தமாயில்லை என்பது உண்மை. நம் இயக்க வரலாற்றில் இத்துயரம் ஒருமுறையோடு முடியவில்லை என்பதும் உண்மை.

ஒரு பைசாவின் வலிமை

இதற்கு மாறான ஒரு காட்சியைக் காண்போம். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் புதன்கிழமை சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். பக்கங்கள் நான்கு, விலை பெயரிலேயே இருந்தது. ஓராண்டிற்குப் பின், 1908 ஆகஸ்டில், இதழின் பெயர் 'தமிழன்' என்று சுருங்கிற்று. அதன் வட்டமோ விரிந்தது.

பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பியபின் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்திற்கு, பெங்களூர், கோலார் தங்கவயல், திருப்பத்தூர் முதலிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் தோன்றின. அக்கிளைகளை ஒன்றோடொன்று பிணைத்த நூல் அந்த வார இதழே. வாசகர் ஐயங்களை எழுதி அனுப்பினர், பண்டிதர் விடையிறுத்தார். ஓர் ஊரில் பள்ளி தொடங்கினால் மற்றோர் ஊர் அறிந்தது. ஓர் ஊரில் கொடுமை நிகழ்ந்தால் கடல் கடந்த ஊரும் அறிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியமர்ந்தோர் கேட்டல் அக்கால வழக்கம். ஆகவே ஓர் இதழ் பத்துக் காதுகளைச் சென்றடைந்தது.

கோலார் தங்கவயலைப் பற்றி ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அது நம் மாவட்டத்தோடு குருதித் தொடர்புடையது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சத்திற்கும் பண்ணையடிமைக்கும் தப்பி, தங்கச் சுரங்கத்தில் இறங்கியோர் பல்லாயிரவர். எம் குடும்பத்திலும் மாரிக்குப்பம் சென்று திரும்பாத முன்னோர் ஒருவர் உண்டு. நிலத்தின்கீழ் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் உழைத்த அம்மக்கள், மேலேறி வந்ததும் என்ன செய்தனர்? சங்கக் கிளையிற் கூடினர். இதழைப் படிக்கக் கேட்டனர். கூலியிற் சிறு பங்கை இதழுக்கும் பள்ளிக்கும் அளித்தனர். செல்வர் ஒருவர் ஆயிரம் ரூபாய் தந்திருந்தால் இதழ் சில காலம் நடந்திருக்கும். செல்வரின் மனம் மாறினால் நின்றிருக்கும். பைசா பைசாவாக வந்த பொருள் அத்தனை எளிதில் மனம் மாறுவதில்லை. தன் காசு கலந்த ஒன்றைத் தன்னுடையதாக மனிதன் எண்ணுகின்றான். அது நடக்கின்றதா என்று விசாரிக்கின்றான். தவறு நேர்ந்தால் கேள்வி கேட்கின்றான். கேள்வி கேட்கும் உறுப்பினனே சங்கத்தின் உயிர்.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். பின்னர் நின்றது, ஆயினும் மாண்டுவிடவில்லை. 1926-இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் எழுப்பினார். சென்னையில் அணைந்த விளக்கைச் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊரில் ஏற்ற முடிந்தது எதனால்? ஆங்கே பல ஆண்டுகளாகக் கூடிப் பழகிய கிளை இருந்தது. படித்துப் பழகிய வாசகர் இருந்தனர். கொடுத்துப் பழகிய கைகள் இருந்தன. 'பறையன்' இதழுக்கும் 'தமிழன்' இதழுக்கும் இருந்த வேறுபாடு தலைவர்களின் தகுதியில் இல்லை. பின்னதற்குக் கிளைகள் வேரூன்றியிருந்தன, அவ்வளவே.

நம் மண் ஈன்ற துறவி

சபையும் இதழும் கண்டோம். இனிப் பள்ளியைக் காண்போம். இவ்வகையில் நம் மாவட்டம் பெருமை கொள்ளத்தக்க ஒருவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்துவப் பள்ளியிற் பயின்றுவந்தபோது, மதம் மாற இசையாமையால் படிப்பு இடையில் நின்றது. குடும்பத்தோடு கோலார் தங்கவயல் சென்றார். நம்மவர் பலரையும் ஏற்றுக்கொண்ட அதே தங்கவயல். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சேர்ந்து, சமயக் கல்வி கற்று, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1910-இல் சிதம்பரம் வந்தடைந்தார்.

சிதம்பரத்தில் நம்மவர்க்கு எவ்வாசல் மூடப்பட்டிருந்தது என்பதைக் கூற வேண்டியதில்லை. நந்தன் தீயிற் புகுந்து இறைவனைச் சேர்ந்ததாகக் கதை கூறும். சுவாமிகளோ நந்தன் பெயரைப் பள்ளியின் வாயிலில் எழுதினார். 1916-இல் 25 மாணவரோடு நந்தனார் பள்ளி தொடங்கிற்று. அதனை நடத்த நந்தனார் கல்விக் கழகத்தை அமைத்தார். ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைத் திரட்டினார், பொருள் திரட்டினார், விடுதி அமைத்தார். சட்டமன்றத்தில் பல்லாண்டுகள் உறுப்பினராயிருந்து, நம் மக்களின் நிலம், கல்வி, கூலி பற்றிப் பேசினார். 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள் மறைந்தார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நந்தனார் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அரசு மேல்நிலைப் பள்ளியாகச் சிதம்பரத்தில் நடந்து வருகின்றது.

ஒரு சபை திங்களுக்கு ஒருமுறை கூடலாம்; இதழ் வாரத்திற்கு ஒருமுறை வரலாம். பள்ளி மணியோ நாள்தோறும் ஒலித்தாக வேண்டும். ஆசிரியர் வராவிட்டால் அன்றே தெரியும். அரிசி தீர்ந்தால் அன்றே தெரியும். நாள்தோறும் செய்தே ஆக வேண்டிய பணியை மேற்கொண்ட சங்கம் உறங்க இயலாது. மேலும் ஒரு பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போது ஒரு குடும்பமே சங்கத்தில் சேர்ந்துவிடுகின்றது. தாய் வருகின்றாள், தேர்ச்சி பெற்றானா என்று கேட்கின்றாள். அவள் கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு சங்கத்தின் தலைமேல் ஏறுகின்றது. நம் முன்னோர் இயக்கம் என்றதும் பள்ளியை நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆணை வந்த பின்னும் நடந்த கால்கள்

சட்டம் வந்துவிட்டால் போராட்டம் முடிந்தது என்று கருதுவது நம்மவரிடையே பரவிய பெரும் பிழை. தாயகம் திரும்பிய சீனிவாசனார், சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அடுத்த திங்களே அரசாணையும் பிறந்தது. ஆணை பிறந்த நாளன்றே எத்தனை கிணறுகள் திறந்தன? ஆணையைக் கையிற் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குச் செல்லும் துணிவும், சென்றவர் பின்னால் நிற்கும் சங்கமும் இருந்த ஊரிலேதான் கிணறு திறந்தது.

மகாராட்டிரத்தில் அண்ணல் அம்பேத்கர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார். அதே 1924-இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை கற்பி, போராடு, ஒன்றுசேர் என்பதை முழக்கமாகக் கொண்டது. மகாடு நகரின் சவுதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டதாக அந்நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தும், நம்மவர் எவரும் அதில் நீர் அருந்த முடியவில்லை. 1927 மார்ச்சில் மாநாடு கூடியபோது, வந்திருந்தோரின் தாகத்திற்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க நேர்ந்தது. குளம் நிறைய நீர் இருக்கும் ஊரிலே! மார்ச் 20-ஆம் நாள் அண்ணலின் தலைமையில் அம்மக்கள் குளத்திற்குச் சென்று நீர் அருந்தினர். அந்நாளை நாம் ஆண்டுதோறும் நினைவு கூர்கின்றோம். அதன் பின் நிகழ்ந்தவற்றையோ பெரும்பாலோர் அறியார். திரும்பியவர்கள் தாக்கப்பட்டனர். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. எதிர்த்தரப்பார் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குளத்தில் நீர் அருந்தியது ஒரு நாள். அவ்வுரிமையை நிலைநாட்டியது பத்து ஆண்டுகள். அப்பத்தாண்டுகளும் சாட்சிகளைத் திரட்டியவர், வாய்தாவிற்குச் சென்றவர், செலவுக்குப் பொருள் சேர்த்தவர் ஆகியோரும் மகாடு வீரர்களே.

நிலத்தின் கதையும் அவ்வாறே. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலை குறித்து 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் அரசு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என இன்று நாம் கூறுவது அதுவே. ஒடுக்கப்பட்டோர் அல்லாதார்க்கு அந்நிலத்தைக் கைமாற்றலாகாது என்று விதியிருந்தும், ஏராளமான நிலம் பிறர் கைக்குப் போயிற்று. பட்டாவைப் படித்துக் காக்கச் சங்கம் இல்லாத ஊர்களில் வெற்றுத்தாளில் வைத்த கைந்நாட்டு நிலத்தைக் கொண்டு சென்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10-ஆம் நாள், செங்கற்பட்டுப் பகுதியில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியோர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர். காவல் காக்கத் தவறிய உரிமையை மீட்க உயிரை விலையாகத் தர நேர்ந்தது.

நம் மாவட்டத்திற்கு வருவோம். கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலடி வைத்தது 2023-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாளில்தான். பல பத்தாண்டுகளாக வாசலுக்கு வெளியே நின்ற மக்கள், மாவட்ட ஆட்சியரும் காவல்துறையினரும் துணைநிற்க உள்ளே சென்று பொங்கலிட்டு வழிபட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. நம் பேரூரில் நாடே வந்து கூடுகின்ற பெருங்கோயிலின் கோபுர நிழல் விழும் மாவட்டத்தில், சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு சென்றபின் இது நிகழ்ந்தது. உள்ளே நுழைந்த ஒரு நாளைச் செய்தித்தாள்கள் எழுதின. அந்நாளுக்குப் பின் ஒவ்வொரு திருவிழாவிலும் அவ்வுரிமை வழங்குகின்றதா என்று பார்த்துக்கொள்வது யார் பணி? அது செய்தியாளர் பணியன்று. அவ்வூர் மக்களின் பணி. அவர்கட்குத் துணை நிற்க வேண்டிய நம்மனோர் பணி.

நம் கழகத்தின் கணக்கு

இவ்வரலாற்றின் ஒளியில் நம் கழகத்தை நாமே நோக்குதல் வேண்டும். கழகம் தொடங்கிய காலத்தில் நமக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு தெருவிளக்கின்கீழ் மாலைப் பள்ளி நடந்தது. உறுப்பினர் மாதம் ஐந்து ரூபாய் தந்தனர். அக்காலத்து வரவு செலவுக் குறிப்பேட்டை இவ்விழாவிற்காகப் புரட்டிப் பார்த்தோம். எண்ணெய்க்கும் சுண்ணக்கட்டிக்கும் எழுதிய கணக்கின் கீழ், தவறாமல் பத்துப் பன்னிரண்டு கையொப்பங்கள் இருந்தன. சில கைந்நாட்டுகளும் இருந்தன. கைந்நாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகள், இருவர் ஆசிரியர்கள்.

இன்று நமக்குக் கட்டடம் உண்டு. வங்கிக் கணக்கு உண்டு. கைப்பேசியில் குழு உண்டு. ஏப்ரல் 14 அன்று அண்ணலின் படத்திற்கு மாலையிட வருவோரால் தெரு நிறைகின்றது. அடுத்த திங்கள் நடைபெறும் செயற்குழுவிலோ நாற்காலிகளே மிகுதி. இதனைக் கூறுவது எவரையும் புண்படுத்தற்கன்று. நாமும் இக்குறையில் பங்குடையோம். பதாகையில் படம் போடுவதற்குக் காட்டிய ஆர்வத்தை மாலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிற்குக் காட்டத் தவறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இளைஞர் நினைவு கூரலாம். நம் மாணவர் சிலர்க்கு வர வேண்டிய கல்வி உதவித்தொகை ஓர் அலுவலகத்தில் தேங்கிக் கிடந்தது. ஒரு நாள் சாலையில் அமர்ந்து முழக்கமிட்டோம். அதிகாரி ஒருவர் வந்து உறுதி கூறினார். கைதட்டிக் கலைந்தோம். பணம் வரவில்லை. மாணவர்தம் பெயர், விண்ணப்ப எண், நாள் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு, வாரந்தோறும் அவ்வலுவலகம் சென்றவர் ஒரு மாணவியின் தாயார். துப்புரவுப் பணி முடித்து, குளித்து, பேருந்தேறிச் செல்வார். சென்ற நாளும் கிடைத்த பதிலும் மகளைக்கொண்டு நோட்டில் எழுதச் செய்வார். ஒன்பதாம் வாரத்தில் அனைவர்க்கும் பணம் வந்தது. சாலையில் அமர்ந்ததும் வேண்டியதே. அதனால்தான் அலுவலகம் நம்மை அறிந்தது. ஆனால் அந்த நோட்டு இல்லையேல் அன்று நாம் பெற்றது வெயில் ஒன்றே. அவர் பெயரை இம்மலரில் அச்சிட வேண்டுமெனக் கேட்டோம். வேண்டா ஐயா, பிள்ளைகள் படித்தால் போதும் என்று கூறிவிட்டார்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் செய்துமுடிக்கத்தக்க ஒரு சிறு பணியைப் பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவான பணி எவர்க்கும் உரியதன்று. இரண்டாவது, காசு சிறிதாயினும் எல்லாரிடத்தும் வாங்கி, கணக்கை எல்லார் முன்னும் உரக்கப் படித்தல் வேண்டும். மூன்றாவது, போராட்டம் முடிந்த மறுநாளே அதனைத் தொடர்வோர் யாரெனக் குறித்து நோட்டுப் போடுதல் வேண்டும். நான்காவது, ஒவ்வொரு பொறுப்பிற்கும் இரண்டாமவர் ஒருவரை இப்போதே பழக்குதல் வேண்டும்; தலைவர் ஊரில் இல்லாத திங்களிலும் கூட்டம் நடந்தால்தான் அது சங்கம். ஐந்தாவது, மகளிரைச் செயற்குழுவில் அமர்த்துதல் வேண்டும். இரங்கூனில் 1904-இல் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் தென்னிந்தியப் பட்டியல் வகுப்பினர் சம்மேளனத்திற்கே தலைமை தாங்கினார். நம் கழகத்திலோ மகளிர் கோலமிடவும் உணவு பரிமாறவும் மட்டும் அழைக்கப்படுவது நமக்குச் சிறப்பன்று.

அன்பார்ந்த இளைஞர்களே! நீங்கள் எங்களினும் மிகுதியாகக் கற்றவர்கள். கணினியும் சட்டமும் உங்கள் கைவசம் உள்ளன. கோலாரில் சுரங்கத்தினின்று ஏறிவந்த தொழிலாளிக்கு இருந்த ஓய்வு நேரத்தைவிட உங்கள் ஓய்வு நேரம் குறைந்ததன்று. அவர் ஒரு பைசா தந்தார். உங்களிடம் கழகம் கேட்பது வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர ஒருவர், சாதிச் சான்றிதழும் உதவித்தொகையும் பெற வழிகாட்ட ஒருவர், பஞ்சமி நிலப் பதிவேடுகளைத் தேடி எடுக்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர் என நால்வர் கிழமைதோறும் வந்தால் போதும். இக்கழகம் பொன்விழாவும் காணும்.

விழா மேடை நாளை பிரிக்கப்படும், பந்தற்கால்கள் வண்டியேறிவிடும். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாலைப் பள்ளியில் நாம் இருப்போம். வருகைப் பதிவேடும் மேசைமேல் இருக்கும். அதில் புதிய பெயர்களுக்கென்று ஒரு பக்கம் விட்டு வைத்துள்ளோம்.